சைடுபாரும் அம்முச்சியோட அஞ்சறைப்பெட்டியும்!

போன செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட் லேப் சர்வர்ல ஓடுற விக்கிக்கு என்னை அட்மின் ஆக்கினாங்க. பழைய கொஸ்டின் பேப்பர், லேப் மேனுவல், நோட்டீஸ் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கணும்னு சீனியர்ஸ் ஆரம்பிச்சு வெச்சது. அட்மின் ஆன முதல் நாளே நான் கைவெச்ச இடம், இடப்பக்கம் நிக்கிற சைடுபார். பார்க்கிற லிங்க்கை எல்லாம் தூக்கிப் போட்டேன். எண்ணிப் பார்த்தா இருபத்து மூணு! காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஜேஜேன்னு இருக்குன்னு எனக்கு ஒரே பெருமை.

பெருமை ரெண்டு வாரம்கூடத் தாங்கலைங்க. ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சி ஒருத்தி, கோபி பக்கம் கிராமத்துல தமிழ் மீடியம் படிச்சுட்டு வந்தவ, நேரா எங்கிட்ட வந்தா. "அக்கா, அரியர் ஃபீஸ் கட்ட கடைசி நாள் முடிஞ்சுபோச்சாம். நீங்க விக்கியில எங்கக்கா போட்டிருந்தீங்க?" பத்தொன்பதாவது லிங்க். தலைப்பு 'இதர சுற்றறிக்கைகள்'. ஹாஸ்டல்ல நாலு பேர்கிட்ட கடன் வாங்கி அபராதத்தோட கட்டினா. அவ என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போய் அம்முச்சிகிட்ட புலம்பினேன். விக்கின்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா அஞ்சறைப்பெட்டியைத் திறந்துட்டே சொன்னாங்க: "ஏங் கண்ணு, அடுக்களைல இருக்கறது அத்தனையும் இதுக்குள்ள கொட்டி வெச்சா, கடுகு பொரியறப்ப சீரகத்தை எங்கீன்னு தேடறது?"

மேட்டர் அவ்வளவுதான் பாஸ்! சைடுபார்ங்கிறது உங்ககிட்ட இருக்கிற எல்லாத்தையும் அடுக்கி வைக்கிற பரண் இல்லை. அவசரத்துல வர்றவங்க கைக்கு எட்டுற அஞ்சறைப்பெட்டி.

இதைச் சரியா செஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு தேடினேன். தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கோங்க. 2003-ல தொடங்கினது. எங்க விக்கி மாதிரியே அதுவும் 'மீடியாவிக்கி'ங்கிற இலவச சாஃப்ட்வேர்லதான் ஓடுது. அதோட பக்கப்பட்டையில முதற் பக்கம், அண்மைய மாற்றங்கள்னு வழக்கமான லிங்க்குகளோட, 'தமிழில் எழுத'ன்னு ஒரு லிங்க்கைப் பார்த்தேன். இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுக்கு இப்படி ஒண்ணு தேவையே இல்லை. 'எழுத ஆசை இருக்கு, ஆனா கீபோர்டுல தமிழ் வரலையே'ன்னு தவிக்கிற ஒருத்தரை மனசுல வெச்சு வந்த லிங்க் அது. புதுசா வர்றவங்க சந்தேகம் கேட்கவும், எல்லாரும் கூடிப் பேசவும் இருக்கிற இடத்துக்குப் பேரு 'ஆலமரத்தடி'. பேரைக் கேட்டாலே உட்காரத் தோணுதுல்ல?

2010 ஜூன்ல நம்ம கோவையில உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்துச்சே, அதையொட்டி காலேஜ் ஸ்டூடன்ட்ஸுக்கு தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வெச்சாங்க. விக்கின்னா என்னன்னே தெரியாம முதல்முறையா உள்ளே நுழையிற ஒரு மாணவனுக்கு, அந்த மாதிரி ஒரு லிங்க் எவ்வளவு பெரிய கை கொடுக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, இப்போ செய்முறை. புது அட்மின்கள் நோட் பண்ணிக்கோங்க!

1. அட்மினா லாகின் பண்ணி, தேடல் பெட்டியில மீடியாவிக்கி, ஒரு முக்காற்புள்ளி, சைடுபார்னு இங்கிலீஷ்ல அடிங்க. அந்தப் பக்கம்தான் மொத்தப் பட்டையோட கடிவாளம்.

2. ஒரு நட்சத்திரக்குறி போட்டா தலைப்பு. ரெண்டு போட்டா லிங்க். இப்படி:

* அவசரம்
** தேர்வுக் கட்டணம்|ஃபீஸ் கடைசி நாள்
** பழைய வினாத்தாள்கள்|கொஸ்டின் பேப்பர்

நெட்டுக்கோட்டுக்கு முன்னாடி இருக்கிறது பக்கத்தோட நிஜப் பேரு. பின்னாடி இருக்கிறது கண்ணுக்குத் தெரியிற பேரு. மாத்திப் போட்டா லிங்க் இல்லாத ஊருக்கு வழி காட்டும். (நான் போட்டேன். சிரிக்காதீங்க!)

3. படம், கலர், தடித்த எழுத்துன்னு அலங்காரம் எதுவும் இங்கே எடுபடாது. தலைப்பும் லிங்க்கும் மட்டும்தான். ஒரு வகையில அதுவும் நல்லதுக்குத்தான்.

4. சேவ் பண்ணியும் பழசே தெரியுதா? பதறாதீங்க. தற்காலிகமா சேமிச்ச பழைய பிரதியா இருக்கலாம். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. நிஜமாவே சொதப்பிட்டா வரலாறு பக்கத்துக்குப் போய் பழைய வடிவத்தை மீட்டுக்கலாம்.

5. மொபைல்ல கட்டாயம் பாருங்க! மொபைலுக்கான 'மினர்வா' தோற்றத்துல நீங்க செதுக்கின பட்டை வராது, அதுக்குத் தனி மெனு. அதனால உயிர்போற தகவலை முதற்பக்கத்துலயும் ஒரு தடவை போட்டு வைங்க.

இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. எதை எடுக்கிறது, எதை விடுறதுங்கிறதுதான் நிஜமான வேலை. அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி இது: ஃபர்ஸ்ட் இயர் பசங்க மூணு பேரைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, "ஃபீஸ் தேதியைக் கண்டுபிடிங்க"ன்னு சொல்லிட்டு வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். அவங்க மவுஸ் எங்கெங்கே அலையுதுன்னு பார்த்தாலே போதும், எந்த லிங்க் வேஸ்ட்னு தெரிஞ்சிடும். நடுவுல "அங்கே இல்லப்பா, கீழே பாரு"ன்னு சொல்லணும்னு நாக்கு துடிக்கும். சொல்லிடாதீங்க! ராத்திரி பதினோரு மணிக்கு அவங்க தேடுறப்போ நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க.

இருபத்து மூணு இப்போ ஏழு ஆயிடுச்சு. மத்ததெல்லாம் தொலைஞ்சு போகலை, 'எல்லாப் பக்கங்களும்'னு ஒரு லிங்க்குக்குள்ள பத்திரமா இருக்கு. மேலே பார்த்தீங்களே 'அவசரம்'னு ஒரு தலைப்பு? அது நான் வெச்சதில்லை. நான் 'முக்கிய அறிவிப்புகள்'னுதான் எழுதியிருந்தேன். "அக்கா, எல்லாத்தையுமே முக்கியம்னுதான் சொல்றாங்க"ன்னு அந்த கோபித் தங்கச்சி மாத்தச் சொன்னா.

இந்த செமஸ்டர்ல இருந்து அவளும் ஒரு அட்மின். பொறுப்பை வாங்கின முதல் நாளே சைடுபார்ல இருந்து ஒரு லிங்க்கைத் தூக்கிட்டா. 'அட்மின் பற்றி'ன்னு என்னைப் பத்தி நானே எழுதி வெச்ச பக்கம்!

இப்போ ஆறுதான். நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாமா? வரட்டுங்களா!