செத்தவன் சட்டை!

மேற்கு ஆப்பிரிக்காவில், கடற்கரை ஓரமாக இருக்கிறது கானா நாடு. 1957-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி ஆங்கிலேயரிடம் இருந்து விடுதலை பெற்ற நாடு அது. அதன் தலைநகரமான அக்ராவில் 'காண்டாமான்டோ' என்று ஒரு பெரிய சந்தை உண்டு. அந்தப் பக்கம் போகும் பயணியின் காதில் "ஒப்ரோனி வாவு" என்ற சொல் விழாமல் இராது.

'வெள்ளைக்காரன் செத்துப்போனான்' என்பது அகான் மொழியில் அதன் பொருள். யாரும் சாகவில்லை. அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும் பழைய துணிக்குத்தான் அந்தப் பெயர்!

கிழியாத சட்டையை, சாயம் போகாத கால்சட்டையை, உயிரோடு இருக்கிறவன் வேண்டாம் என்று கொடுப்பானா? உடையவன் இறந்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

இனாமும் கடனும்

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒருவர் தமது பழைய உடைகளைத் தர்மப் பெட்டியில் போடுகிறார். ஏழைக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் திருப்தி. அதில் நல்லது கொஞ்சம் உள்ளூரிலேயே விலை போகிறது. மீதியைக் கம்பெனிகள் எடைபோட்டு வாங்கி, தரம் பிரித்து, அழுத்திக் கட்டி, 'பேல்' ஆக்கிக் கப்பலில் ஏற்றுகின்றன. ஒரு பேல் சுமார் 55 கிலோ.

அக்ராவில் கடை போட்டிருக்கும் பெண், அதைப் பணம் கொடுத்துத்தான் வாங்குகிறாள். பல சமயம் அது கடன் பணம். லண்டனில் இனாமாகக் கொடுத்தது, அக்ராவில் கடனாக வந்து இறங்குகிறது!

பேலைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. 'ஆண்கள் சட்டை' என்று வெளியே எழுதியிருக்கும். உள்ளே இருப்பது புதுசு போன்ற சட்டையா, கறை படிந்த கந்தலா என்பது கட்டை அவிழ்த்த பிறகுதான் தெரியும். அதிர்ஷ்டச் சீட்டு வாங்குவது போலத்தான். நல்ல உருப்படிகள் தேறினால் அசலும் கொஞ்சம் லாபமும் வரும். தேறாவிட்டால் கைநஷ்டம். சீமையில் கழித்துக் கட்டிய குப்பைக்கும் சேர்த்து விலை கொடுத்தவள் அவள்.

குப்பை எவ்வளவு என்பதில் பெரிய சண்டை நடக்கிறது. வருவதில் 40 சதவிகிதம் வீண் என்கிறது அங்கு பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனம். 5 சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்கிறது பழந்துணி வியாபாரிகள் சங்கம். இருவருக்கும் அவரவர் காரணம் இருக்கும். ஆனால் அக்ரா கடற்கரையில், அலை முறுக்கிய துணிகள் மணலில் வடக்கயிறு போலப் புதைந்து கிடப்பதைப் பார்க்க எந்தக் கணக்கும் வேண்டியதில்லை.

தலைச்சுமைப் பெண்கள்

இத்தனை பேல்களும் எப்படிப் போய்ச் சேருகின்றன? சந்துகளில் வண்டி நுழையாது. பெண்களின் தலைதான் வண்டி! வறண்ட வட மாவட்டங்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள், சும்மாடு வைத்து, 55 கிலோ பேலைச் சுமந்து நெரிசலில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். சிலர் முதுகில் கைக்குழந்தையும் இருக்கும். 'காயாயோ' என்று அவர்களுக்குப் பெயர். 'காயா' என்றால் ஹௌசா மொழியில் சுமை. 'யோ' என்றால் கா மொழியில் பெண். ஒரு நடைக்குக் கிடைப்பதோ சொற்பக் காசு.

அவர்கள் சுமக்கும் மூட்டையில் திருப்பூர் பனியனும் இருக்கலாம். ஏற்றுமதியாகி, யாரோ நாலு தடவை போட்டுக் கழற்றி, கடல் தாண்டி வந்திருக்கும்.

வேண்டாம் என்றால்?

"இந்தத் துணியே வேண்டாம் என்று தடுத்துவிட்டால் என்ன?" என்று பயணி கேட்பது சகஜம். கானாவின் ஆலைகளில் 1977-ல் சுமார் 25 ஆயிரம் பேர் துணி நெய்து பிழைத்தார்கள். 2000-ம் ஆண்டில் சுமார் 5 ஆயிரம் பேரே மிஞ்சினார்கள். பழந்துணி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இறக்குமதிக்குக் கதவு திறந்ததும், ஆசியாவில் இருந்து மலிவு விலைப் போலி அச்சுத்துணி வந்ததும் சேர்ந்தே ஆலைகளைச் சாய்த்தன. இன்று காண்டாமான்டோவை நம்பியே சுமார் 30 ஆயிரம் பேர் பிழைக்கிறார்கள். விற்பவர் மட்டுமல்ல, கிழிசலை வெட்டிப் புது உடையாக்கும் தையற்காரர், சாயம் ஏற்றுபவர், இஸ்திரி போடுபவர் என்று பலர். நாளைக்கே கதவைச் சாத்தினால் இவர்கள் எங்கே போவார்கள்?

சாத்திப் பார்த்த நாடும் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா, 2016-ல் பழந்துணி மீதான வரியைக் கிலோவுக்கு 20 சென்டில் இருந்து இரண்டரை டாலராக உயர்த்தியது. அமெரிக்கப் பழந்துணி வியாபாரிகள் முறையிட்டார்கள். ருவாண்டா தைத்த உடைகளுக்கு அளித்திருந்த தீர்வைச் சலுகையை 2018-ல் நிறுத்திவைத்தது அமெரிக்கா! "எங்கள் பழையதை வாங்காவிட்டால், உங்கள் புதியதற்கு வரி" என்பதுதானே இதன் அர்த்தம்? சேர்ந்து கிளம்பிய கென்யாவும் மற்ற அண்டை நாடுகளும் பின்வாங்கிவிட்டன. ருவாண்டா மட்டும் அசையவில்லை.

2025-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இரவு, காண்டாமான்டோவில் தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கான கடைகள் சாம்பலாயின. கடனுக்கு வாங்கி, கட்டு அவிழ்க்காமல் வைத்திருந்த பேல்களும் எரிந்தன. துணி போனாலும் கடன் போகுமா? புகை அடங்கியதும் வியாபாரிகள் பலகையும் ஆணியும் கொண்டுவந்து, அதே இடத்தில் கடையைக் கட்டத் தொடங்கினார்கள்.