மூன்று கிலோ ரைஃபிள்

கொழிஞ்சாம்பாறையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மழைக்குத்தான் பஞ்சம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று தென்னை மட்டைகளை உலுக்கும் சத்தத்தில், தோப்புக்குள் பன்றிக் கூட்டம் நுழைவது யார் காதிலும் விழாது. விடிந்த பிறகு பார்த்தால், நேற்று வைத்த தென்னங்கன்றுகள் சாய்ந்து கிடக்கும். கடலைக் காடு உழவு போட்டது போலக் கிடக்கும்.

இதற்கு விவசாயிகள் கண்ட குறுக்கு வழிகள் பன்றியை விடப் பயங்கரமானவை. 2020 மே மாதம் இதே பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காடு பகுதியில், வெடி மறைத்து வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்று நீரில் நின்றபடியே செத்தது. 2022 மே மாதம் முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்கு அருகில், பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி இரண்டு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் அதே விதமாக இறந்தார்கள்.

போலீஸ்காரர்கள் இறந்த அதே மாதம்தான் கேரள அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்கள், நகராட்சித் தலைவர்கள் கைக்கு வந்தது. விஷம் கூடாது, வெடி கூடாது, மின்சாரம் கூடாது. சுடுகிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும். பன்றியைத் 'தொல்லை விலங்கு' என்றே அறிவித்துவிடும்படி கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டது. மத்திய அரசு இணங்கவில்லை. ஆக, பஞ்சாயத்தின் அழைப்பு வந்ததும் ராத்திரியில் வரப்பிலும் வாய்க்காலிலும் நடக்கப்போகிறவர் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக்காரர். அவர் தோளில் தொங்குவது பெரும்பாலும் பழைய இரட்டைக் குழல் 12 போர்.

இதற்குப் பதில் எடை குறைந்த, குறி தவறாத ஒரு ரைஃபிள் இருந்தால்?

இந்தக் கனவு உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் காண்பது. ஜிம் கார்பெட்டுக்கு அது கிட்டத்தட்டக் கைகூடியது. 1907ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி. மலையேற்றத்தில் சுமையாக இல்லாத லேசான ரைஃபிள். 1926ல் ருத்ரபிரயாக் சிறுத்தையை வீழ்த்தியதும் அதுதான். பின்னாளில் அமெரிக்க மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் இந்தக் கனவை அளவுகோல் வைத்தே எழுதினார். எடை மூன்று கிலோ, நீளம் ஒரு மீட்டருக்குள், இருநூறு கஜத்தில் நான்கு அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் விழ வேண்டும். 1980களில் அவர் 'ஸ்கவுட்' என்று பெயர் வைத்ததை ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் தொழிற்சாலைச் சரக்காக்கியது.

ஆனால் நியூட்டனோடு பேரம் பேச முடியாது. குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அதே தோட்டாவை வைத்துக்கொண்டு துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். தோளுக்கு அது ஞாபகம் இருக்கும். நாலு முறை உதை வாங்கியவர் ஐந்தாவது முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குறி தவறுவதில் பாதி அங்கேதான்.

குழலின் கதை இன்னொன்று. எடையைக் குறைக்க எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். குழலின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் மடங்கைப் பொறுத்தது. கொஞ்சம் இளைத்தாலே நிறைய வளையும். சுடும்போது சாட்டை போல அதிரும். மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறி, மூன்றாவது நான்காவது குண்டுக்குள் இடம் மாறவும் செய்யும். இளைக்க வைப்பதை விடக் குட்டையாக்குவது புத்திசாலித்தனம். குண்டின் வேகம் சற்றுக் குறைந்தாலும் விறைப்பு மிஞ்சும். மெல்லிய எஃகுக் குழலுக்கு மேல் கார்பன் இழை சுற்றுகிறவர்களும் உண்டு. விலைதான் விறைப்பாக இருக்கும்.

தயக்கமில்லாமல் எடை குறைக்கக்கூடிய இடம் கட்டை. வால்நட் மரக் கட்டை கண்ணுக்கு அழகு. ஆனால் கேரளத்து மழையில் மரம் ஊறிப் புடைத்துக் குழலை நெருக்கும். மே மாதம் சரியாக இருந்த குறி ஜூலையில் தள்ளிப்போகும். இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி இழைக் கட்டைக்கு இந்தச் சீக்கு கிடையாது, கனமும் குறைவு. அதில் குழல் எங்கும் ஒட்டாமல் இடைவெளி விட்டுப் பொருத்திவிட்டால், லேசான ரைஃபிளும் நாணயமாகச் சுடும்.

பந்தயத் துப்பாக்கிக்காரர்களோ இதற்கு நேர்மாறு. 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. அதற்குத் துப்பாக்கி ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவது இந்தப் பிரிவில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் எட்டுக் கிலோ வரை அனுமதி உண்டு. கனம் அங்கே சுமையல்ல, நண்பன்; இதயத் துடிப்பின் ஆட்டத்தைக்கூட அமுக்கிவிடும். எட்டுக் கிலோவோடு ஒரு ராத்திரி தோப்பைச் சுற்றி வரச் சொன்னால் சாம்பியனும் மறுத்துவிடுவார்.

சரி, விவசாயி ஒருவர் தன் தேவைக்கு ஏற்ப ரைஃபிளைக் கட்டிக்கொள்ள முடியுமா? அமெரிக்காவில் முடியும், அது ஒரு பொழுதுபோக்கு. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமில்லாமல் துப்பாக்கி தயாரிப்பதைத் தடுக்கிறது. இருக்கிற துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்கவும் 6ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். கூப்பர் விரும்பிய .308 தோட்டா பட்டாளத்து 7.62க்கு உடன்பிறப்பு, சாமானியருக்கு எட்டாது. .303 இப்படித் தடை செய்யப்பட்டதால்தான் .315 என்ற தோட்டாவே இங்கு நிலைத்தது. இஷாப்பூர் ஆலையின் .315 ரைஃபிள் உறுதியானது, பழைய லீ-என்ஃபீல்டு வம்சம். லேசானது என்று யாரும் புகழ்ந்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்கு ரைஃபிள் பொருந்துமா? ரைஃபிளின் பெருமையே தூரம். நொடிக்கு ஐந்து மீட்டர் குறுக்குக் காற்றில் .308 குண்டு முந்நூறு மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் விலகும். ஐம்பது மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்கூட விலகாது. டார்ச் வெளிச்சத்தில் தென்னைகளுக்கிடையே பன்றி தெரிவது அந்த ஐம்பது மீட்டருக்குள்தான். தவறிய குண்டோ கிலோமீட்டர் கணக்கில் போகும். கேரளத்தில் காடு முடியும் இடத்தில் வீடு தொடங்கிவிடுகிறது. தோப்புக்கு அப்பால் இன்னொரு தோப்பு, அதற்குள் கள் இறக்கப் போகிறவர், அதற்கப்பால் ஒரு ஓட்டு வீடு. இந்த ஊருக்கு 12 போரின் குட்டைக் கைதான் பாதுகாப்பு. அதையே எடை குறைத்து, நல்ல குறிமுள்ளும் தோளுக்குப் பொருந்தும் கட்டையுமாகக் கொடுத்தால் போதும்.

குறி தவறினால் என்ன என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. அடிபட்ட பன்றி புதருக்குள் மறைந்து, மறுநாள் காலை புல் அறுக்க வரும் பெண் மீது பாயும். முதல் குண்டிலேயே விழ வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குத் தோட்டா வேண்டும். உரிமத்திலோ ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். பஞ்சாயத்து கூப்பிடும்போது வேண்டுமே என்று அவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர், கடைசியாக இலக்குப் பலகையில் சுட்டது எப்போது என்று யாரும் கேட்பதில்லை. துப்பாக்கியில் அரைக் கிலோ குறைப்பதை விட, பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கென்று தனியாக இருபது தோட்டாவும் சுட்டுப் பழக ஓர் இடமும் ஒதுக்குவது மலிவு. அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.