ஒன்பது பாயிண்ட் ஆளை எடுக்கலாமா?

உலகத்தில் இரண்டு விதமான சாமான்களை வாங்குவது ரொம்ப சுலபம். ஒன்று, ஏகப்பட்ட விலை உள்ளது. இன்னொன்று, ரொம்ப மலிவானது. முதலாவதை வாங்க முடியுமா முடியாதா என்று பர்ஸே சொல்லிவிடும். இரண்டாவது வீணாய்ப் போனாலும் அழ வேண்டியதில்லை. தகராறெல்லாம் நடுவில் இருக்கிற சாமானில்தான்.

எங்கள் பொம்மையார்பாளையம் கரையில் காலையில் வந்து நின்று பாருங்கள். வஞ்சிரம் ஏலத்துக்கு வந்தால் வாங்குகிற ஆள் ஒரே பார்வையில் வாங்கிவிடுவார். மத்தியை யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. கூடையில் அள்ளிப் போட்டால் சரி. சங்கரா வந்தால்தான் கூட்டம் நிற்கும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். "இந்த விலைக்கு இது தேறுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பார்கள். அவர் தேறும் என்பார். அதனாலேயே சந்தேகம் வரும்.

கிரிக்கெட்டிலும் இதே கதை.

ஐ.பி.எல். வந்துவிட்டால் எங்கள் பாண்டிச்சேரி ஆபீஸில் லெட்ஜருக்கு அடியில் இன்னொரு நோட்டு இருக்கும். அதில் ஆளுக்கொரு கற்பனை டீம். எல்லோருக்கும் 100 பாயிண்ட் பட்ஜெட். அதற்குள் 11 பேரை வாங்க வேண்டும். பெரிய சூரர் என்றால் 12 பாயிண்ட், பொடிப் பையன் என்றால் 6. நிஜ மாட்சில் நம்ம ஆள் அடிக்கிற ஒவ்வொரு ரன்னுக்கும் 1, விக்கெட்டுக்கு 25, கேட்ச்சுக்கு 8 மார்க். கேப்டனுக்கு டபுள். கணக்குப் பார்ப்பது எங்கள் கேஷியர். ஆபீஸ் கணக்கைவிட இதில் அவருக்குப் பொறுப்பு ஜாஸ்தி.

பணம் கிடையாது. அதைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இந்திய டீம் சட்டையில் இருந்த ட்ரீம் லெவன் பெயரே அந்த மாசத்தோடு இறங்கிவிட்டது. ஐம்பது ரூபாய் கட்டிக் கோடி ரூபாய்க்குக் கனவு கண்டு, இருபதாம் தேதியே கைமாத்து கேட்டவர்களை எல்லா ஆபீஸும் பார்த்திருக்கிறது. எங்கள் நோட்டில் தோற்றால் போவது மானம் மட்டும்தான். அப்புறம், சீசன் கடைசியில் பன்னிரண்டு பேருக்குப் பரோட்டா.

இப்போது கணக்கு. நாலு சூரர்களை 12 வீதம் எடுத்தால் 48. நாலு பொடியன்களை 6 வீதம் எடுத்தால் 24. மொத்தம் 72 போச்சு. மிச்சம் 28 பாயிண்டில் மூன்று பேர் வேண்டும். தலைக்கு ஒன்பது, ஒன்பதேகால். இந்த மூன்று ஒன்பது பாயிண்ட் ஆட்கள்தான் சங்கரா மீன். சூரர்களை எல்லோரும் எடுத்திருப்பார்கள். பொடியன்களும் ஏறக்குறைய அதே பொடியன்கள். பரோட்டா யார் செலவு என்பதைத் தீர்மானிப்பது இந்த மூன்று பேர்தான்.

போன முறை ஏலம் விடுகிற அன்று பக்கத்து ஸீட் தம்பி என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, வாஷிங்டன் சுந்தர் ஒம்போது பாயிண்டுக்கு வர்றாரு. எடுக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்கிற விஷயமா இது? ஒரு கட்டுரைக்கான விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விலைவாசி நிலவரம். 2025 ஐ.பி.எல்.லில் ரிஷப் பந்த்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. அதுவரை ஐ.பி.எல். ஏலத்தில் யாருக்கும் கொடுக்காத விலை. சீசன் முழுக்க அவர் அடித்தது 269 ரன். ஒரு ரன் பத்து லட்சம் ரூபாய்! (கேப்டன் வேலையும் கீப்பர் வேலையும் இலவச இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ராஜஸ்தான் 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்த வைபவ் சூர்யவன்ஷி 14 வயசில் 35 பந்தில் சதம் போட்டான். 7 மாட்ச்சில் 252 ரன். ஒரு ரன் சுமார் 44 ஆயிரம். மத்தி விலையில் வஞ்சிரம்.

நடுவில் இரண்டு பேர், இரண்டு பேரும் நம்ம சென்னைப் பையன்கள், இரண்டு பேரும் குஜராத் டீம். சாய் சுதர்சனை 8.5 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். 759 ரன் அடித்து அந்த சீசனின் ஆரஞ்சுத் தொப்பியை வாங்கினார். ஒரு ரன் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்தான். வாஷிங்டன் சுந்தரை ஏலத்தில் 3.2 கோடிக்கு எடுத்தார்கள். எடுத்துவிட்டு, முதல் மூன்று மாட்ச்சில் பெஞ்ச்சில் உட்கார வைத்தார்கள்.

இந்தியாவின் முதல் 15 பேரில் இடம் கிடைக்கிற ஆளுக்கு, ஐ.பி.எல்.லின் பத்து டீமில் ஒன்றில்கூட இடமில்லையே என்று ஒரு ரசிகர் அப்போது புலம்பினார். அதற்கு கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையே, தானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகப் பதில் போட்டார். உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற கம்பெனிக்காரருக்கே விடை தெரியாத கேள்வி!

நாலாவது மாட்ச், ஏப்ரல் 6, ஹைதராபாத். 16 ரன்னுக்கு 2 விக்கெட் விழுந்த நிலைமையில் வாஷிங்டனை நாலாம் நம்பரில் அனுப்பினார்கள். 29 பந்தில் 49. குஜராத் ஜெயித்தது. அப்புறம் மும்பையோடு எலிமினேட்டரிலும் நாலாம் நம்பர். 24 பந்தில் 48. ஒரு யார்க்கர் போட்டுத்தான் பும்ரா அவரைக் கிளப்ப முடிந்தது. ஆனால் டீம் ஆடிய 15 மாட்ச்சில் அவர் ஆடியது 6.

இப்போது நம்ம நோட்டுக்கு வாருங்கள். நாலாம் நம்பரில் வந்து 30 ரன், ஒரு விக்கெட், ஒரு கேட்ச் என்றால் 63 மார்க். எட்டாம் நம்பரில் வந்து 6 ரன், பந்து வீசக் கூப்பிடவில்லை என்றால் 6 மார்க். பெஞ்ச் என்றால் முட்டை. மூன்றும் ஒரே ஆள். அதே கை, அதே மட்டை, அதே திறமை. மாறினது அவர் நிற்கிற இடம் மட்டும்தான். நாம் ஒன்பது பாயிண்ட் கொடுப்பது திறமைக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது இடத்துக்கு.

இதை ஆஸ்திரேலியாக்காரன் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான். அங்கே அவர்கள் ஊர்க் கால்பந்து ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு 18 பேர், மைதானமோ கிரிக்கெட் மைதானம். குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்கள் உடம்பைச் சும்மா வைத்திருக்கக் கூடாதென்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர் 1858-ல் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பின ஆட்டம். அதற்கும் கற்பனை டீம் உண்டு. உதைத்தால் 3, கையால் தட்டிக் கொடுத்தால் 2, மடக்கிப் பிடித்தால் 4 என்று மார்க். சூரர்களையும் பொடியன்களையும் மட்டும் வாங்கு, நடு விலைக்காரனைத் தொடாதே என்று அங்கே ஒரு கட்சியே இருக்கிறது. தொடுகிறவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். நடுவர் மைதான நடுவில் பந்தை விட்டு ஆட்டத்தைத் துவக்கும்போது அந்தச் சதுரத்துக்குள் ஒரு டீமுக்கு நாலு பேர்தான் நிற்கலாம். நம்ம ஆள் அந்த நாலு பேரில் எத்தனை தடவை நிற்கிறான் என்று எண்ணுகிறார்கள். ஓடுகிற வேகத்தையோ போன வருஷப் புகழையோ இல்லை, நிற்கிற இடத்தை எண்ணுகிறார்கள்.

நம்ம ஊரில் இடத்தை எண்ணுவது கொஞ்சம் சிரமம். 2023-ல் இம்பேக்ட் ப்ளேயர் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். மாட்ச் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போடலாம். தனி பேட்ஸ்மேன் ஒருத்தர், தனி பவுலர் ஒருத்தர் கிடைக்கும்போது இரண்டும் செய்கிறவர் எதற்கு? வாஷிங்டன் சுந்தருக்கும் சிவம் துபேக்கும் பந்து வீச வாய்ப்பே வருவதில்லை என்று 2024-ல் ரோகித் சர்மாவே வருத்தப்பட்டார்.

எந்த ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். டெஸ்பாட்ச் தெரியும், பில் தெரியும், ஆடிட் வந்தால் பதில் எழுதவும் தெரியும். யார் லீவு போட்டாலும் அந்த ஸீட்டுக்கு அவரைத்தான் போடுவார்கள். அதனாலேயே அவருக்கென்று ஒரு ஸீட் இருக்காது. பிரமோஷன் லிஸ்ட் வரும்போது, "இவர் எந்த செக்ஷன்?" என்று கேட்பார்கள்.

வாஷிங்டனின் விலைப் பட்டியலைப் பாருங்கள். 2018-ல் பெங்களூரு கொடுத்தது 3.2 கோடி. 2022-ல் ஹைதராபாத் கொடுத்தது 8.75 கோடி. 2025-க்கு குஜராத் கொடுத்தது மறுபடி அதே 3.2 கோடி. ஏழு வருஷம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. அந்த ஏழு வருஷத்தில் மனிதர் என்ன செய்தார்? 2021-ல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட், 62 ரன். ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். 2024-ல் புனேயில் நியூஸிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்ட்டில் 11 விக்கெட். இந்த ஏலம் முடிந்த பிறகு, 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜாவோடு கடைசி வரை நின்று 101 நாட் அவுட். விலை இறங்கினபோது ஆள் ஏறியிருக்கிறார். டெஸ்ட்டில் நாள் முழுக்க இடம் கொடுத்தார்கள், செய்து காட்டினார். அவ்வளவுதான் ரகசியம்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. உப்புத் தண்ணீரை நேராகக் கடைசிப் பாத்திக்கு விட மாட்டார்கள். நடுப் பாத்திகளில் நிறுத்தி வெயிலில் காயவிட்டுச் சுண்ட வைப்பார்கள். அங்கே வெள்ளையாக ஒன்றும் தெரியாது. போட்டோ எடுக்க வருகிறவர்களும் கடைசிப் பாத்திப் பக்கம்தான் போவார்கள். ஆனால் நடுப் பாத்தி வேலை செய்யாவிட்டால் கடைசிப் பாத்தியில் வாருவதற்கு ஒன்றும் இருக்காது.

சரி, எடுக்கலாமா வேண்டாமா? தம்பிக்குச் சொன்ன மூன்று கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்று: கடைசி மூன்று மாட்ச்சில் பதினொரு பேரில் இருந்தானா? பெயரைப் பார்க்காதே, லிஸ்ட்டைப் பார். இரண்டு: பேட்டிங்கில் முதல் ஐந்துக்குள் வருகிறானா, இல்லை இரண்டு ஓவராவது நிச்சயமாகப் போடுகிறானா? இரண்டும் உண்டென்றால் ஒன்பதென்ன, பத்தே கொடு. ஒன்று மட்டும் என்றால் பேரம் பேசு. இரண்டும் இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. மூன்று: இவனை எடுப்பதால் எவனை விடுகிறாய்? ஒன்பது பாயிண்டுக்கு நிச்சயமாக ஓப்பனிங் இறங்குகிற ஒருத்தன் பக்கத்திலேயே நின்றால், பாசத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவனை எடு.

தம்பி பொறுமையாகக் கேட்டான். தலையை ஆட்டினான். நோட்டில் எழுதினான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் சரிண்ணே, கேப்டன் அவரை எந்த நம்பர்ல அனுப்புவாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

பக்கத்தில் கேஷியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது தெரிஞ்சா ஏன்டா அவன் ஒம்போது பாயிண்டுக்கு வர்றான்?"