வாயில்லா ஜீவனும் வாயுள்ள மனுசனும்

2021 ஆகஸ்ட். காபூல் விமான நிலைய வாசலில் சனங்கள் நெரிபட்டுக் கிடந்தார்கள். 26ஆம் தேதி குண்டு வெடித்ததில் 170 ஆப்கானியர்கள் அளவில் செத்தார்கள். மூன்றாம் நாள் லண்டனில் ஒரு தனி விமானம் இறங்கியது. அதில் 150க்கு மேற்பட்ட நாய்கள், பூனைகள். நவ்சாத் என்கிற விலங்குநல அமைப்பை நடத்திய முன்னாள் பிரிட்டிஷ் படைவீரர் பென் ஃபார்திங் கொண்டுவந்தவை. காசு, சனங்கள் கொடுத்த நன்கொடை. அவற்றைப் பராமரித்த ஆப்கான் பணியாளர்கள் அந்த விமானத்தில் இல்லை. நிலையத்துக்குள் நுழையத் தாலிபான் விடவில்லை. பிறகு பாகிஸ்தான் வழியாகத்தான் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

நாய்மேல் நமக்கென்ன கோபம்? சேரியில் நாயும் நாமும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவங்கதான். நம் கேள்வி கருணையைப் பற்றியது. ‘வாயில்லா ஜீவன்’ என்று சொல்லித்தான் உண்டியல் குலுக்குகிறார்கள். வாயில்லாததுதான் அங்கே தகுதி. நாய் கூலி கேட்காது, சங்கம் வைக்காது, வாலை ஆட்டும். அகதிக்கு வாய் இருக்கு. உரிமை கேட்பான்.

1927இல் மகாத் குளத்தில் மாடு தண்ணீர் குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக் கூடாது. அம்பேத்கர் மாட்டை விரட்டச் சொல்லவில்லை. யாருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவும் இல்லை. இறங்கி அள்ளிக் குடித்தார்.

நாயைக் காப்பாத்துங்க, வேணாங்கல. அதுக்குச் சோறு வச்ச கைக்கு எங்கே இடம்? தோழர்களே, நன்கொடையில் ஓடுகிற எந்தத் தொண்டையும் இந்தக் கேள்வியை வைத்தே உரசிப் பாருங்கள்.