தாய்மீது சுமத்திய பழி

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனச்சிதைவு நோய் கண்டவுடன், "இதற்கு யார் காரணம்?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பெரும்பாலும் சுட்டுவிரல் தாயை நோக்கி நீளும். வளர்ப்புச் சரியில்லை என்பர் சிலர். அவள் பிறந்த வீட்டு இரத்தம் என்பர் வேறு சிலர்.

கற்றறிந்த மருத்துவர்களும் ஒரு காலத்தில் இப்பழியைச் சுமத்தினர். தாயின் கடுமையும் அன்பின்மையுமே நோயை விளைவிக்கின்றன என்னும் கருத்தை, அமெரிக்காவில் பணியாற்றிய பிரீடா பிராம் ரைக்மன் என்ற மருத்துவர் 1948-ஆம் ஆண்டில் எழுதினார். பல ஆண்டுகள் அது செல்வாக்குடன் விளங்கிற்று. பிள்ளையின் துயரால் நொந்திருந்த தாய்மார், குற்றவாளிகளாகவும் தலைகுனிந்து நின்றனர்.

இக்கருத்தை அசைத்த ஆய்வுகளுள் ஒன்று, லியோனார்டு ஹெஸ்டன் 1966-இல் வெளியிட்டதாகும். ஆரிகன் மாநில மனநல மருத்துவமனைகளில், இந்நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, மூன்று நாள்களுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் ஆராய்ந்தார். நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து, அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேரோடு அவர்களை ஒப்பிட்டார். முன்னவருள் 5 பேருக்கு மனச்சிதைவு இருந்தது. பின்னவருள் ஒருவருக்கும் இல்லை. தாயின் மடியில் வளராத பிள்ளைக்கும் நோய் வருமாயின், வளர்ப்பைக் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

அப்படியானால் தாயின் இரத்தமே குற்றவாளியோ? அதுவும் அன்று. மரபணுக்களைத் தாயும் தந்தையும் சமமாகவே வழங்குகின்றனர். அவற்றுள் நோய்க்கென்று தனியொரு மரபணு இல்லை. 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறிதளவே நோய்வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவற்றுள் சில நம் ஒவ்வொருவரிடமும் உண்டு.

மேலும், மரபு என்பது விதியன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு வராமற்போவதே பாதி அளவுக்கேனும் காணப்படுகிறது. தாய் தந்தையருள் ஒருவருக்கு நோய் இருப்பின், பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேருக்கு அது வரலாம். தொண்ணூறு பேர் தப்புவர். நோயாளிகளுள் பெரும்பாலோரின் பெற்றோருக்கு இந்நோய் இருந்ததே இல்லை.

ஆகவே பெற்றோரே, குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இளம்பருவப் பிள்ளை தனித்து ஒதுங்குவதும், இல்லாத குரல்களைக் கேட்பதும், காரணமின்றி எவரையும் ஐயுறுவதும் கண்டால், நாள் கடத்தாமல் சிகிச்சை தொடங்குங்கள். கஞ்சா இந்நோயைத் தூண்டக்கூடியது. பிள்ளைகளை அதனின்று காத்துக்கொள்ளுங்கள்.

நோயுற்ற பிள்ளையைப் பல்லாண்டு பேணவேண்டியவள் பெரும்பாலும் தாயே. அவள் தோளில் பழியையும் ஏற்றாதிருப்போம். சுமையில் ஒரு பங்கை நாம் ஏற்போம்.