செருக இடம் எங்கே?

புதுமை ஒன்று வாசலில் வந்து நின்றால் அதைப் போற்றிப் பாடுவோர்க்கும் பஞ்சமில்லை; தூற்றிப் பேசுவோர்க்கும் பஞ்சமில்லை. இன்று நம் மலேசிய நாட்டில் மின்சாரக் காருக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. ஒரு சாரார் அதனை உலகைக் காக்க வந்த ஊர்தி என்கின்றனர். மறு சாரார், அது செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒதுங்குகின்றனர். இவ்விரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. இரவில் அந்தக் காரை எங்கே நிறுத்துவது? நிறுத்திய இடத்தில் பிளக்கைச் செருக ஒரு மின்முனை இருக்கிறதா? மின்சாரக் காரைப் பற்றிய பேச்செல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம். ஏன் என்பதை விளக்க, அந்த ஊர்தி இயங்கும் முறையை முதலில் காண்போம்.

மின்சாரக் கார் நேற்றுப் பிறந்த குழந்தை அன்று. 1899ஆம் ஆண்டிலேயே பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி என்பார் மின்சாரத்தால் ஓடும் வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். சாலை ஊர்திகளுள் அவ்வேகத்தை முதன்முதலில் தாண்டியது அவ்வண்டியே. பின்னர்ப் பெட்ரோல் மலிந்தது. 1912இல், கையால் சுழற்றாமலே இயந்திரத்தைக் கிளப்பும் கருவி காடிலாக் காரில் வந்தது. மின்சார வண்டி ஓரங்கட்டப்பட்டது. அதை மீட்டுக் கொணர்ந்தது 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம். அம்மின்கலத்தை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் அமைப்பு வியக்கத்தக்க அளவு எளிமையானது. காரின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மின்கலத் தொகுதி கிடக்கிறது. அதில் தேங்கியிருப்பது நேர் மின்சாரம். காரை உருட்டும் மோட்டாருக்கோ பெரும்பாலும் மாறுதிசை மின்சாரம் வேண்டும். இடையே நிற்கும் மாற்றி என்னும் மின்னணுக் கருவி ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கிறது. ஓட்டுபவர் மிதியை அழுத்தும் அளவுக்கேற்ப அது மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகிறது. மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே மின்னாக்கியாக மாறுகிறது. உருளும் சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பெட்ரோல் காரில் பிரேக்கின் சூடாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி இங்கே மீட்கப்படுகிறது.

பெட்ரோல் இயந்திரமோ, தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் போய்விடுகிறது. மின்மோட்டார் தான் பெறும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக்க வல்லது. நம் மின்சாரமே நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தானே பெரும்பாலும் வருகிறது என்று கேட்போர் உண்டு. உண்மைதான். மின்சாரக் கார் மாசே அற்றது என்று சொல்பவர் மிகைப்படுத்துகிறார். ஆயினும் அதே தொலைவை மிகக் குறைந்த ஆற்றலில் கடக்கும் ஊர்தி, நெரிசல் மிக்க சாலையில் புகை கக்காத ஊர்தி, பெட்ரோல் காரினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

உடைமையாளர்க்கு இதனால் வரும் நன்மைகளும் சுமைகளும் தெளிவானவை. இயந்திர எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை. பிளக்குகள் இல்லை, புகைபோக்கி இல்லை, பிரேக் கட்டைகள் நெடுங்காலம் உழைக்கும். மறுபுறம், எடை மிகுதியால் டயர்கள் விரைவில் தேயும். குளிர்விக்கும் நீர்மமும் பிரேக் எண்ணெயும் இங்கேயும் உண்டு. மின்கலம் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகத் தன் கொள்ளளவை இழக்கும். கடும் வெயிலும், அடிக்கடி முழு வேகத்தில் மின்னேற்றுவதும் அவ்விழப்பை விரைவுபடுத்தும். எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் என்று மின்கலத்துக்கு உறுதி தருவது உற்பத்தியாளர் பலரின் வழக்கம்.

இனி மையக் கருத்துக்கு வருவோம். பெட்ரோல் காருக்கு உணவு பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. மின்சாரக் காருக்கு உணவு அது உறங்கும் இடத்தில் கிடைக்க வேண்டும். நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓடும் கார் ஏறத்தாழ ஆறு அலகு மின்சாரத்தைச் செலவிடுகிறது. சுவரில் உள்ள சாதாரண 13 ஆம்பியர் மின்முனையே மூன்று மணி நேரத்தில் அதை ஈடுசெய்துவிடும். காரோ இரவில் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. ஆகவே தரைவீட்டில் வாழ்பவர்க்கு மின்சாரக் கார் ஓர் எளிய வசதி. கைப்பேசியைப் போல இரவில் செருகிவிட்டுக் காலையில் எடுத்துச் செல்லலாம். அடுக்குமாடியில் வாழ்பவர்க்கு அஃது ஓர் அன்றாட அலைச்சல்.

அலைச்சல் மட்டுமா? கணக்கையும் பார்ப்போம். நூறு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 அலகு மின்சாரம் வேண்டும். வீட்டில் ஏற்றும்போது நேரும் இழப்பையும் சேர்த்தால் 16 அலகு. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலையில் வந்த கட்டண முறைப்படி வீட்டு மின்சாரம் ஓர் அலகு சுமார் 45 காசு. எனவே வீட்டில் ஏற்றினால் செலவு ஏறத்தாழ 7 ரிங்கிட். பொதுவிடங்களில் உள்ள விரைவு மின்னேற்றிகளிலோ ஓர் அலகுக்கு 1 ரிங்கிட் 20 காசும் அதற்கு மேலும் வாங்கப்படுகிறது. அங்கே அதே தொலைவுக்கு 18 ரிங்கிட்டுக்குக் குறையாது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சிறிய பெட்ரோல் காருக்கு, 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கென நிர்ணயிக்கப்பட்ட 1 ரிங்கிட் 99 காசு விலையில், ஆகும் செலவு ஏறத்தாழ 13 ரிங்கிட். வீட்டில் மின்முனை உள்ளவர் பெட்ரோல் செலவில் பாதியை மிச்சப்படுத்துகிறார். மின்முனை இல்லாதவர் பெட்ரோலைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார். ஊர்தி ஒன்றுதான், மாறுபட்டது வீடு மட்டுமே!

பெட்ரோலுக்கு அரசு மானியம் தருவதால்தானே இந்த வேறுபாடு என்பீர்கள். மெய்தான். ஆனால் அம்மானியம் குறையும் நாளில் அடுக்குமாடிக்காரர் இருபுறமும் இடிபடுவார். பெட்ரோல் விலையும் ஏறும், மலிவான மின்சாரமும் எட்டாது.

அரசு தந்த சலுகைகள் எவரிடம் போய்ச் சேர்ந்தன? 2022 முதல் 2025 இறுதி வரை, முழுமையாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்குச் சுங்க வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டன. அக்கார்களின் விலை 100,000 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது என்பதும் விதி. அதே காலத்தில் சாலை வரியும் இல்லை. வீட்டில் மின்னேற்றி பொருத்தும் செலவுக்கு வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரை கழிவும் உண்டு. கழிவு நல்லதுதான், ஆனால் கருவியைப் பொருத்தச் சொந்தச் சுவர் வேண்டுமே! 2025க்குள் நாடெங்கும் 10,000 பொது மின்னேற்றிகள் என்ற இலக்கோ எட்டப்படாமலே அவ்வாண்டு கழிந்தது.

இதைப் பார்க்கும்போது நம்மவருக்குப் பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. அன்று பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் லயத்து வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரமே வந்தது. குறித்த நேரம் ஆனதும் விளக்கு அணையும். படித்துக்கொண்டிருந்த பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றும். பங்களாவுக்கு ஒரு கணக்கு. லயத்துக்கு ஒரு கணக்கு. பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறின. லயத்து மக்களில் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினர். மின்சாரம் இருபத்து நான்கு மணி நேரமும் வந்தது. ஆனால் ஐந்தாம் மாடியில் உள்ள மின்சாரம் கீழே நிற்கும் காருக்கு எட்டுமா? கணக்கு இரண்டாக இருக்கும் நிலை மட்டும் மாறவில்லை.

செல்வர் வாங்கும் காரைப் பற்றி ஏழைக்கு என்ன கவலை என்று கேட்பது குறுகிய பார்வை. புரோட்டோன் நிறுவனம் தன் முதல் மின்சாரக் காரை 2024 டிசம்பரில் வெளியிட்டது. பெரோடுவாவும் அவ்வழியே வந்துவிட்டது. இன்று புதிதாக விற்கும் கார் எட்டாண்டு கழித்துப் பழைய கார்ச் சந்தைக்கு வரும். பழைய காரை வாங்குபவர் யார்? நம் அடுக்குமாடிக் குடும்பத் தலைவர்தாம். அன்று அவர் கையில் கார் இருக்கும். செருக இடம் இராது.

அடுக்குமாடி நிர்வாகக் குழுக்கள் இரண்டு காரணங்களைச் சொல்லிக் கதவடைக்கின்றன. முதலாவது, தீ. லித்தியம் மின்கலத்தில் பற்றும் தீயை அணைப்பது கடினம் என்பது உண்மை. அதற்கேற்ற பாதுகாப்பு விதிகள் தேவை. ஆனால் பெட்ரோல் கார்களைவிட மின்சாரக் கார்களில் தீ அடிக்கடி பற்றுகிறது என்பதற்குச் சான்றில்லை; கிடைத்துள்ள சான்றுகள் எதிர்த்திசையையே காட்டுகின்றன. முறையான மின்முனையை மறுத்தால் நேர்வது என்ன? சன்னல் வழியே நீட்டுக் கம்பி தொங்கும். அதுவன்றோ உண்மையான அபாயம்!

இரண்டாவது காரணம், கட்டடத்தின் மின்தாங்கு திறன் போதாது என்பது. நூறு கார்கள் ஒரே வேளையில் முழு வேகத்தில் மின்னேற்றினால் போதாதுதான். ஆனால் எந்தக் காருக்கும் அந்த அவசரம் இல்லை. இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்கிடையே முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் கருவிகள் இன்று வழக்கில் உள்ளன. இரவு நீண்டது; தேவையோ ஆளுக்கு ஆறு அலகு.

பிற நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம், அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் தம் செலவில் மின்னேற்றும் வசதி செய்துகொள்ள இசைவு கேட்கும் உரிமையைத் தந்தது. அண்டையிலுள்ள சிங்கப்பூர் 2022இல் மின்னேற்றத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2030க்குள் 60,000 மின்னேற்றும் முனைகள் என்று இலக்கு வகுத்து, அவற்றை வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடங்களுக்கே கொண்டு சென்றது. அங்கே கார் வாங்கும் உரிமைச் சான்றின் விலை எளியோர்க்கு எட்டாதது என்பது வேறு குறை. ஆனால் பெரும்பாலான மக்கள் அடுக்குமாடியில் வாழும் நாட்டில் மின்முனை அங்கேதான் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நாம் கேட்பது மூன்றே. தம் செலவில், விதிப்படி மின்முனை பொருத்திக்கொள்ள விரும்பும் உரிமையாளரைத் தக்க காரணமின்றி நிர்வாகக் குழு மறுக்கலாகாது என்று 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் திருத்தப்பட வேண்டும். புதிதாக எழும் ஒவ்வோர் அடுக்குமாடியிலும், மலிவுவிலை வீடாயினும், கார் நிறுத்துமிடத்தில் மின்கம்பிக்கான குழாயும் தாங்கு திறனும் கட்டும்போதே அமைய வேண்டும். பழைய மலிவுவிலை அடுக்குமாடிகளில் மெதுவாக ஏற்றும் பொது மின்முனைகளை அமைத்து, வீட்டுக் கட்டணத்திலேயே மின்சாரம் வழங்க வேண்டும். மின்சார மோட்டார் சைக்கிள் ஓட்டும் தொழிலாளிக்கும் அதே முனை உதவும்.

அடுக்குமாடியில் வாழும் நம் மக்களுக்கும் ஒரு சொல். நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் அதைக் குப்பையில் போடாதீர்கள். பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துங்கள், கூட்டத்துக்குச் செல்லுங்கள், கார் வாங்கும் எண்ணம் இல்லாவிடினும் எழுந்து நின்று கேளுங்கள். கேளாதவர் வீட்டு வாசலுக்கு எந்த வசதியும் தானாக வந்ததில்லை. லயத்தில் விளக்கு அணைந்தபோது வாளாவிருந்தோம். இப்போது கேட்போம்: செருக இடம் எங்கே?