வௌவால் பொறித்த வெள்ளி

நாணயக்குற்றியில் வௌவாலா என்று முகஞ்சுளிக்க வேண்டாம், தோழியரே. சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான்: 'ஃபூ'. மீனும் மிச்சமும் அப்படியே, இரண்டும் 'யூ'. ஆண்டுதோறும் வீட்டில் மிச்சம் இருக்கட்டும் என்று வாழ்த்தி, புத்தாண்டுக்கு மீன் படம் ஒட்டுவது அங்கே வழக்கம்.

2010களில் சீன மக்கள் வங்கி இத்தகைய சின்னங்களை நினைவு வெள்ளி நாணயங்களில் பொறித்து வெளியிட்டது. (பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அது அந்நாட்டின் மத்திய வங்கி.) முகப்பெறுமதி 10 யுவான்தான். வாங்கப் போனால் அதைப்போல் பல மடங்கு. அதைக் கொடுத்துக் கடையில் அரிசி வாங்குவார் எவருமில்லை. பெட்டியில் வைக்கவும் பரிசளிக்கவுந்தான்.

ஐந்து வௌவால்கள் சேர்ந்திருந்தால் ஐந்து பேறுகள் என்று பொருள். நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலத்தோடு மனநிம்மதி, அறத்தில் விருப்பம். ஐந்தாவதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வயது முதிர்ந்து, தன் காலம் முடிந்து, அமைதியாக இறப்பது. அதையும் ஒரு பேறென்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் பழைய நூலில் எழுதி வைத்துவிட்டார்கள். கடைசியாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் முதலாவதாகச் சொல்லியிருப்பேன்.